நடுநிலைக் கொட்டகை

எங்கள் நாட்டுக்குக் கரித்தீவு என்று பெயர். நாட்டில் கரி கிடையாது. நீராவிக் கப்பல் காலத்தில் நடுக்கடலில் கரி நிரப்பிக்கொள்ள வெள்ளைக்காரனுக்கு ஓர் இடம் தேவைப்பட்டது. ஒரு கப்பல் கரியைக் கொண்டுவந்து கொட்டும். இன்னொரு கப்பல் அதை வாங்கிக்கொண்டு போகும். நடுவில் சுமப்பதற்கு எங்கள் முப்பாட்டன்மாரைக் கொண்டுவந்து இறக்கினான். பிறகு கப்பல்களெல்லாம் எண்ணெய்க்கு மாறின. வெள்ளைக்காரன் தராசையும் கொடியையும் ஏற்றிக்கொண்டு கிளம்பினான். எங்களை ஏற்ற மறந்துவிட்டான். இப்படித்தான் நாங்கள் சுதந்திரம் அடைந்தோம். வருடாவருடம் அந்த நாளைக் கொண்டாடவும் செய்கிறோம்.

நான் அந்த நாட்டின் வெளியுறவு அமைச்சர். பெயர் குருசுமுத்து. துறைமுகத்தில் மூட்டை சுமக்கும் கோஷ்டிக்கு மேஸ்திரியாக இருந்து, சங்கத்துக்கு வந்து, சங்கத்திலிருந்து சட்டசபைக்கு வந்தவன். ஊரில் இன்னும் மேஸ்திரி என்றுதான் கூப்பிடுவார்கள். மீன்வளத் துறைக்கு மூன்று பேர் சட்டையைக் கிழித்துக்கொண்டார்கள். வெளியுறவை யாரும் கேட்கவில்லை. அதனால் எனக்குக் கிடைத்தது.

அமைச்சகம் என்பது ஐஸ் பேக்டரி மாடியில் ஓர் அறை. தரை எப்போதும் சில்லென்று இருக்கும். ஊழியர் ஒருத்தி, ஜெசிந்தா. சட்டம் படித்தவள். வெளிநாட்டுக்காரர் யாராவது வந்தால் அவள் என் செயலர். மற்ற நேரங்களில் அவளுக்கு டீ வாங்கிக் கொடுப்பது நான்.

எங்கள் வெளியுறவுக் கொள்கை நடுநிலை. கொள்கை என்று சொல்வது கொஞ்சம் அதிகம்தான். யார் பக்கமும் சேராததற்குக் காரணம், எங்களை யாரும் சேரக் கூப்பிடவில்லை. உலகத்தில் எங்கே சண்டை நடந்தாலும் ‘ஆழ்ந்த கவலை’ தெரிவிப்போம். ஒருமுறை தவறுதலாக, சண்டையே நடக்காத ஒரு நாட்டுக்குக் கவலை தெரிவித்துவிட்டோம். அவர்கள் மட்டும்தான் பதில் போட்டார்கள்.

அப்படிப்பட்ட எங்களைத் தேடி ஒரே காலையில் இரண்டு தூதர்கள் வந்து இறங்கினார்கள். ஒருவர் தோர்வா நாட்டுக்காரர், ஹெல்வின். இன்னொருவர் கெல்மார் நாட்டு அம்மா, மதாம் ஓரிக். தோர்வாவும் கெல்மாரும் ஒரு மலைத்தொடருக்காக வெகுநாளாக அடித்துக்கொண்டிருந்தன. எதிரிகள் ஒரே அறையில் உட்காரக் கூடாதாம். எங்களிடம் இருப்பதே ஒரு அறை. ஆகவே ஓரிக் அம்மாவை மாடியில் உட்காரவைத்து, ஹெல்வினைக் கீழே டீக்கடை பெஞ்சில் உட்காரவைத்தோம். இரண்டு பேருக்கும் இடையே மாடிப்படியில் ஏறி இறங்குவதுதான் அன்றைக்கு எங்கள் நாட்டின் ராஜதந்திரம். எனக்குத் தொப்பை வேறு.

இருவரும் சட்டைக் கழுத்தில் மொழிபெயர்ப்புப் பெட்டி குத்தியிருந்தார்கள். அவர்கள் தங்கள் பாஷையில் முணுமுணுத்தால், அது ரேடியோ செய்தி மாதிரி தமிழ் பேசியது.

“மாண்புமிகு அமைச்சர் அவர்களே, வலி அழிவதில்லை. அது இடம் மாற மட்டுமே இயலும்,” என்றது ஹெல்வினின் பெட்டி.

“எங்க மாறும்?”

“மற்றொரு மனித உடலுக்கு.”

கழுத்தில் கட்டுகிற பட்டை ஒன்றை எடுத்துக் காட்டினார். போர்முனையில் ஒரு வீரன் இதைக் கட்டியிருப்பான். இதன் ஜோடியை வேறெங்கோ ஒருவர் கட்டியிருப்பார். வீரனுக்குக் குண்டு பட்டால் காயம் அவனுக்கு, வலி இவருக்கு.

“வலிக்கு மருந்து இருக்கே சார். ஊசி போட்டா முடிஞ்சுது.”

“மருந்து அளித்தால் வீரர் உறங்கிவிடுகிறார். உறங்குகிற வீரர் சுடுவதில்லை.”

“அதுக்கு எங்ககிட்ட ஏன் வந்தீங்க?”

ஹெல்வின் டீயை ஒரு வாய் குடித்துவிட்டு யோசித்துச் சொன்னார். பெட்டி அதை அழகாகச் சொன்னது: “எங்கள் நாட்டில் இப்பணிக்கு எவரும் முன்வருவதில்லை. தங்கள் மக்களோ தலைமுறை தலைமுறையாகச் சுமப்பதில் அனுபவம் மிக்கவர்கள்.”

எனக்குப் பெருமையாக இருந்தது. உண்மையாகவே இருந்தது. படியேறும்போது நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு ஏறினேன்.

மேலே ஓரிக் அம்மாவும் அதே பட்டையை, அதே கம்பெனிப் பட்டையை, எடுத்து வைத்திருந்தார். அதே பேச்சு. கூடுதலாக ஒன்று: தோர்வாவுக்கு இந்த உதவியைச் செய்யக் கூடாது. கீழே ஹெல்வினும் அதையேதான் சொல்லியிருந்தார்.

ஜெசிந்தா என்னை ஓரமாகக் கூப்பிட்டாள். “சார், ஒருத்தருக்குச் செஞ்சா பக்கம் சேந்த மாதிரி. செஞ்சா ரெண்டு பேருக்கும், இல்லன்னா யாருக்கும் இல்ல.”

“ரெண்டு பேருக்கும் செஞ்சா?”

“நடுநிலை.”

அந்த வார்த்தைக்கு முதல் தடவையாக ஒரு வேலை கிடைத்தது. இரண்டு பக்கமும் சம்மதித்தார்கள். பழைய கரிக் கொட்டகையை நடுச்சுவர் வைத்துப் பிரித்தோம். கிழக்கே தோர்வா, மேற்கே கெல்மார். இரு பக்கமும் ஆள் எண்ணிக்கை சமம். ஒரு பக்கத்தில் ஒருவரின் இணைப்பைத் தொட்டால் மறுபக்கத்திலும் ஒருவரின் இணைப்பைத் தொட வேண்டும். எதைத் தொட்டாலும் இரண்டு தூதர்களும் நேரில் இருந்து சம்மதிக்க வேண்டும். எங்களுக்குப் பிரதிபலனாக ஒரு பெரிய ஆஸ்பத்திரி, உலக அவையில் ஒரு நாற்காலி. எங்கள் பிரதமர் அந்த ஐஸ் பேக்டரிக்கு முதலாளி. அவருக்கு ஆஸ்பத்திரியை விட நாற்காலி மேல்தான் ஆசை.

துறைமுகத்தில் வேலை செத்துக் கிடந்த சமயம். ஆட்கள் வரிசையில் நின்றார்கள். என் மச்சினன் செபத்தியும் நின்றான், தோர்வா பக்கம் கட்டில் கிடைத்தது.

“என் தம்பியையும் சேத்துட்டீங்களாமே?” என்று என் மனைவி பிலோமி அன்று சோறு போடாமல் நின்றாள். “அம்மா போன பொறவு அவன நான்தான் தூக்கி வளத்தேன். அவனுக்கு ஒண்ணு ஆச்சு, அந்த நாற்காலிய நீங்களே தலையில வச்சுக்கிட்டுத் திரியுங்க. வீட்டுக்குள்ள வராதீங்க.”

“நான் எங்க சேத்தேன்? அவனா வந்தான். அதுவும் சும்மா படுத்துக் கெடக்குற வேல.”

“அப்ப நீங்க போய்ப் படுக்க வேண்டியதுதான?”

வெளியுறவுத் துறை தன் சோற்றைத் தானே போட்டுக்கொண்டது.

ஆரம்பத்தில் கொட்டகை கல்யாண வீடு மாதிரிதான் இருந்தது. யுத்தம் என்றால் எந்நேரமும் குண்டு என்று நினைத்துப் போனவர்களுக்கு வந்து சேர்ந்தது பல்வலியும் குதிகால் கொப்புளமும். “என் ஆளு இன்னைக்கு மறுபடி பூட்ஸ மாத்திப் போட்டிருக்கான், மடப்பய,” என்று ஒருவன் திட்டுவான். “என் ஆளுக்கு வயித்து வலி, என்னத்தத் தின்னுதோ,” என்று இன்னொருத்தி கவலைப்படுவாள். பெயர் தெரியாது, முகம் தெரியாது. ஆனால் எல்லாருக்கும் ‘என் ஆளு’ ஒருவன் இருந்தான்.

பிறகு நிஜமான வலி வர ஆரம்பித்தது. கொட்டகையில் சிரிப்பு நின்றது. ஜெசிந்தா ஒருநாள் வெளிநாட்டுச் செய்திகளைப் படித்துவிட்டு என் எதிரே வந்து நின்றாள்.

“சார், முன்னாடி காயம்பட்டவன் வீட்டுக்குப் போவான். இப்ப கட்டுப் போட்டுக்கிட்டு அன்னைக்கே திரும்பச் சண்டைக்குப் போறான். எந்தப் பக்கமும் களைக்கல. இந்தச் சண்ட நீளுறது நம்மாலதான்.”

“ரெண்டு பக்கமும் சமமாத்தான நீளுது?” என்றேன்.

 அன்றைக்கு டீ வாங்க அவளே போனாள். அது நல்ல அறிகுறி இல்லை.

அந்த வாரம்தான் செபத்தியின் ஆளுக்குப் பீரங்கி வெடித்தது. எதிரி சுட்டதில்லை, அவனுடைய பீரங்கியே பின்பக்கமாக வெடித்து முதுகு முழுக்க வெந்துபோய்விட்டது. நான் போய்ப் பார்த்தபோது செபத்தி கட்டிலில் குப்புறக் கிடந்தான். முதுகில் ஒரு கீறல் கிடையாது. நன்றாகக் குளித்து எண்ணெய் தேய்த்த முதுகு. ஆனால் மேலே ஒரு துணியைப் போடக்கூட விடவில்லை. தலையணையைக் கடித்துக் கிழித்திருந்தான்.

“இதயம் தாங்காது மேஸ்திரி,” என்றார் கொட்டகை டாக்டர். “பட்டையைக் கழட்டுனா மொத்தமும் அந்தப் பீரங்கிக்காரன் மேல போய் இறங்கும், அவன் முடிஞ்சான். கழட்டலன்னா இவன். இன்னொரு ஆளக் கம்பி போட்டுச் சேத்தா ரெண்டு பேரும் பொழைப்பாங்க.”

நான் செபத்தியின் காதருகே குனிந்தேன். “மாப்ள, கழட்டிரலாமாடா? அக்கா அழுறா.”

“கப்பலுக்கு ஏறுற பலக நடுவுல மூட்டையக் கீழ போட்டவன் நம்ம கோஷ்டியில எவன் இருக்கான் அத்தான்?” என்றான். பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னதால் பாதி எழுத்துதான் கேட்டது.

ஒவ்வொரு கட்டிலிலும் கொக்கி வைத்த துணைக்கம்பி ஒன்று உண்டு. பக்கத்து ஆளோடு சேர்த்தால் வலி இருவருக்கும் பிரியும். ஆனால் அது இணைப்பைத் தொடுவது. இரண்டு தூதர்களும் சம்மதிக்க வேண்டும். மறுபடி மாடிப்படி.

ஹெல்வின் உடனே சரி என்றார். மேலே ஓரிக் அம்மா நீதி பேசினார்: “அவர்களுக்கு ஒருவர் கூடுதலெனில் எங்களுக்கும் ஒருவர் கூடுதலாக இணைக்கப்பட வேண்டும்.”

“தாராளமா இணைங்க அம்மா. இப்பவே இணைச்சிரலாம்.”

“ஆனால் எங்கள் தரப்பில் தற்போது அத்தகைய காயம் ஏதுமில்லை. ஆகவே எங்களுக்கும் ஒரு பெருங்காயம் நேரும்வரை தாங்கள் காத்திருக்கவும்.”

நான் கீழே வந்து டீக்கடையில் உட்கார்ந்துவிட்டேன். வீட்டுக்குப் போக முடியாது, கொட்டகைக்குப் போக முகமில்லை. ஒரு நாட்டின் வெளியுறவு அமைச்சர் தோர்வாக்காரர் வாங்கிக் கொடுத்த பஜ்ஜியைத் தின்றுகொண்டு, கெல்மாருக்குப் பெருங்காயம் படவேண்டும் என்று மனதுக்குள் வேண்டிக்கொண்டிருந்தார். நடுநிலை அவ்வளவுதான் தாக்குப்பிடித்தது.

மறுநாள் காலை கொட்டகைக்குள் பயந்து பயந்து நுழைந்தேன். செபத்தி எழுந்து உட்கார்ந்து கஞ்சி குடித்துக்கொண்டிருந்தான்.

அவன் கழுத்திலிருந்து ஒரு கம்பி பக்கத்துக் கட்டிலுக்குப் போனது. அங்கிருந்து அடுத்ததற்கு. கொட்டகை முழுக்கக் கொக்கியில் கொக்கி மாட்டி, கடைசிக் கட்டிலிலிருந்து கம்பி சுவரேறி, காற்றுப் போகும் ஓட்டை வழியாக மறுபக்கம் இறங்கியிருந்தது. நான் சுற்றிக்கொண்டு மேற்குப் பக்கம் ஓடினேன். அங்கேயும் எல்லாக் கட்டிலும் கோத்திருந்தது. நடுவே ஒரு பெட்டி மேல் உட்கார்ந்து புஷ்பக்கா வெற்றிலை போட்டுக்கொண்டிருந்தாள். கெல்மார் பக்கத்து ஆட்களுக்கு அவள்தான் தலைவி. உப்பு மூட்டை சுமந்த காலத்திலிருந்து என்னைத் திட்டுகிற உரிமை உள்ளவள்.

“யாரு பண்ணது இது?”

“யாரு பண்ணா என்ன? பையன் சுவருக்கு அந்தாண்ட கத்துனான். கேட்டுக்கிட்டா தோள் மாத்துவாங்க?”

அது எங்கள் வழக்கம். பலகை மேல் வரிசையாகச் சுமந்து போகும்போது முன்னால் போகிறவனின் முழங்கால் நடுங்கினால், பின்னால் வருகிறவன் தோளை நுழைத்துப் பாரத்தைப் பங்கு போட்டுக்கொள்வான். கேட்பதில்லை. நன்றி சொல்வதில்லை. அது யார் மூட்டை, எந்தக் கம்பெனிச் சரக்கு என்று பார்ப்பது கேவலம். உலகத்தில் வேறு எந்த ஊரில் அந்தச் சுவரைக் கட்டியிருந்தாலும் சுவர் நின்றிருக்கும். கரித்தீவில் ஒரு இரவு தாங்கவில்லை.

“யக்கா, அந்தப் பக்கம் தோர்வா, இந்தப் பக்கம் கெல்மார். எதிரிங்க. ஒப்பந்தம் போட்டிருக்கு.”

“போட்டுக்கிடும். வரிச பக்கத்துல சும்மா நிக்காதேயும். ஒண்ணு தோளக் குடும், இல்ல வெலகிப் போம்.”

சொல்லிக்கொண்டே சும்மா கிடந்த ஒரு பட்டையை என் கழுத்தில் மாட்டிக் கொக்கியைப் போட்டுவிட்டாள். அமைச்சர் என்ற முறையில் நான் கத்தியிருக்கக் கூடாது. ஆனால் கத்தினேன். முதுகில் எரிச்சல், ஆனால் அடுப்பங்கரையில் நிற்கிற அளவுக்குத்தான். அதோடு யாருடையதோ ஒரு பல், யாருடையதோ மூட்டுவலி, எவனோ ஒருவனுக்கு நாள்பட்ட மூலம். இத்தனை வருட அமைச்சர் வேலையில் எனக்கு ஏற்பட்ட முதல் வெளியுறவு அதுதான்.

“சரி, வெளிய யாருக்கும் தெரிய வேண்டாம்,” என்று பட்டையைக் கழற்றிக் கொடுத்துவிட்டு அமைச்சகத்துக்குப் போனேன். இரண்டு தூதர்களும் ஒரே மாடிப்படியில் தோளோடு தோள் இடித்துக்கொண்டு ஓடி வந்துகொண்டிருந்தார்கள். ஒரே அறைக்குள் நுழைந்தார்கள். ஒரே நேரத்தில் கத்தினார்கள். பெட்டிகள் இரண்டும் ஒரே கம்பெனி போலிருக்கிறது, ஒரே குரலில் சொல்லின: “இது காட்டுமிராண்டித்தனம்!”

“என்ன ஆச்சு?” என்றேன், ஒன்றும் தெரியாதவன் போல.

ஜெசிந்தா சொன்னாள்: “ரெண்டு தொட்டிய நம்மாளுங்க குழாய் போட்டுச் சேத்துட்டாங்க சார். இப்ப தண்ணி மட்டம் ஒண்ணாயிரும்ல? வலி அதிகமா இருக்குறவன்கிட்ட இருந்து கம்மியா இருக்குறவனுக்குப் போகுது. இங்க இருக்குறவங்களோட நிக்கல. பட்ட கட்டுன எல்லாருக்கும் போகுது. அங்க அடி படாம நிக்குற சிப்பாய்க்கும்.”

“அதாவது…”

“கெல்மார்காரன் சுட்டா, தோர்வாக்காரன் கால்ல குண்டு பாயுது. அந்த வலி நம்ம கொட்டகைக்கு வந்து, சுவரத் தாண்டி, சுட்டவனுக்கே திரும்பிப் போகுது.”

“இன்று காலை முதல் எங்கள் படையில் எவரும் சுட மறுக்கிறார்கள்,” என்றது ஹெல்வினின் பெட்டி.

“எங்கள் படையிலும்,” என்றது ஓரிக்கின் பெட்டி. அதைச் சொன்னபோது அந்த அம்மா ஹெல்வினைப் பார்த்துத் தலையாட்டினார். இரண்டு நாடுகளும் எந்த விஷயத்திலாவது ஒத்துப்போனது இதுதான் முதல் தடவை.

“அங்கயே பட்டையக் கழட்டச் சொல்லுங்களேன்.”

இருவரும் தரையைப் பார்த்தார்கள். போர்முனையில் கழற்ற முடியாதாம். வீரன் கழற்றி விற்றுவிடுவான் என்ற பயத்தில் பூட்டைக் கொட்டகைப் பக்கமே வைத்துச் செய்யச் சொல்லியிருந்தார்கள். கப்பல் அனுப்பி எங்களைப் பிடித்துக்கொள்ளலாம் என்றால், கப்பல்காரனும் பட்டை கட்டியவன், எங்களை அடித்தால் அவனுக்கே வலிக்கும். ஆக, சுவரைத் தாண்டும் அந்தக் கம்பியை உடனே அறுத்து, கட்டில்களின் கொக்கிகளையும் கழற்ற வேண்டும். இல்லாவிட்டால் ஆஸ்பத்திரி கிடையாது, நாற்காலி கிடையாது, இரண்டு நாட்டுக் கப்பலும் இனி இந்தத் தீவில் நிற்காது.

கீழே பேக்டரியிலிருந்து பிரதமர் போன் செய்தார். “மேஸ்திரி, நாற்காலி!” என்றார். வேறெதுவும் சொல்லவில்லை.

அறுத்துக் கழற்றினால் மொத்த எரிச்சலும் செபத்தியின் முதுகுக்குத் திரும்பும். தூதர்கள் இரண்டு பேரையும் கும்பிட்டுச் சொன்னேன்: “உடனே பிரிக்கிறோம். ஒப்பந்தத்துல என்ன சொல்லியிருக்கோ, அதுல ஒரு எழுத்து மாறாம பிரிக்கிறோம்.”

அவர்கள் போனதும் ஜெசிந்தாவைக் கூப்பிட்டேன். “பிரிக்கிறதுக்கு ஒப்பந்தத்துல என்ன விதி போட்டிருக்கு?”

அவள் படித்துச் சொன்னாள். ஒருவரின் இணைப்பைப் பிரிப்பதற்கு முன் அவரை டாக்டர் சோதிக்க வேண்டும். அவருடைய சிப்பாய்க்கு வலி தணிந்துவிட்டது என்று அந்த நாட்டு டாக்டரும் சொல்ல வேண்டும். கிழக்கே ஒருவர் என்றால் மேற்கே ஒருவர். தூதர்கள் இருவரும் நேரில் இருக்க வேண்டும்.

“சுவர்க் கம்பிய அறுத்தா எத்தன பேரு இணைப்பு பிரியும்?”

ஜெசிந்தா முகத்தில் மெதுவாகச் சிரிப்பு வந்தது. “எல்லாரோடதும் சார்.”

துறைமுகத்தில் வேலைநிறுத்தத்தைத் தடை செய்த காலத்தில் நாங்கள் வேறொன்று செய்வோம். விதிப்படி வேலை. கயிற்றைச் சோதிக்க வேண்டும் என்று விதியிருந்தால் முழம் முழமாகச் சோதிப்போம். கொக்கியைத் துடைக்க வேண்டும் என்றால் முகம் தெரிகிற மட்டும் துடைப்போம். முதலாளி வாசலில் நின்று, ‘தயவுசெய்து விதியை மீறுங்கள்’ என்று கெஞ்சுவான். எனக்குத் தெரிந்த ஒரே வித்தை அது. அதைத் தூசி தட்டி எடுத்து உலக அரசியலுக்குள் கொண்டுவந்தேன்.

தூதர்கள் இருவரும் கொட்டகையில் ஒரே பெஞ்சில் உட்கார வேண்டியிருந்தது. ஒவ்வொரு ஆளாக, ஜோடி ஜோடியாகச் சோதித்தோம். ‘தணிந்தது’ என்பதற்குத் தோர்வா பாஷையில் இரண்டு வார்த்தை, கெல்மார் பாஷையில் நாலு வார்த்தை. எது சரி என்று ஜெசிந்தா மரியாதையாக ஒரு விவாதத்தைக் கிளப்பிவிட்டாள். நடுநிலை நாடு என்பதால் இரண்டு நாட்டுப் பண்டிகைகளுக்கும் விடுமுறை விட்டோம். எங்கள் மாதா கோயில் திருவிழாவை விட முடியுமா? டாக்டருக்குக் கண்ணாடி உடைந்தது. புதுக் கண்ணாடி கப்பலில் வர வேண்டும். கம்பியை அறுக்கிற வரை கப்பல்களை அவர்களேதான் தடுத்து வைத்திருந்தார்கள்.

பெஞ்சில் முதலில் நடுவே ஒரு முழம் இடம் விட்டு உட்கார்ந்தார்கள். பிறகு புஷ்பக்கா அந்த இடத்தில் ஒரு கேரம் பலகையை வைத்தாள். ஹெல்வின் நன்றாக ஆடுவார். ஓரிக் அம்மா கள்ள ஆட்டம்.

போர்முனையில் ஒரு குண்டும் வெடிக்கவில்லை. புதுக் காயம் வராததால் பழைய காயங்கள் ஒவ்வொன்றாக ஆறின. கொட்டகையில் வலி கரைந்துகொண்டே போனது. கடைசியில் கிழக்கே செபத்தியும், மேற்கே யாரோ ஒரு சுளுக்குக்காரனுக்கு ஜோடியான புஷ்பக்காவும்தான் பாக்கி. இருவரையும் சோதித்துவிட்டால் கம்பியை அறுத்துவிடலாம். அறுத்ததும் என்ன நடக்கும் என்பதை இரண்டு தலைநகரங்களும் மறைக்கவில்லை. பீரங்கிகளுக்கெல்லாம் எண்ணெய் போட்டு வைத்திருந்தார்கள். குண்டு நிறையச் சேர்ந்திருந்தது.

சோதனை நாளன்று காலையில் செபத்தியிடம் தனியாகக் கேட்டேன்.

“எப்படிடா இருக்கு முதுகு?”

“ஒண்ணுமே இல்ல அத்தான். ஞாயித்துக்கிழமையில இருந்து சுத்தமா இல்ல. ஈ உக்காந்தாத்தான் முதுகு இருக்குன்னே தெரியுது.”

எனக்கு அழுகை வந்தது. பிலோமிக்கு ஆள் அனுப்பினேன். அவள் தம்பியைக் கூட்டிக்கொண்டு போகப் புதுச்சட்டையோடும், பொரித்த சாளை மீன் ஒரு தூக்கு நிறையவும் வந்து சேர்ந்தாள். இத்தனை நாளில் என்னைப் பார்த்து அவள் சிரித்தது அன்றைக்குத்தான். வந்ததும் வராததுமாகத் தம்பிக்குச் சட்டையை மாட்டிவிட்டு இலையைப் போட்டாள்.

தூதர்கள் கேரம் பலகையை ஓரமாக வைத்துவிட்டுப் பேனாவை எடுத்தார்கள். புஷ்பக்காவைச் சோதித்தாயிற்று. சுளுக்கு சரியாகிவிட்டது என்று கெல்மார் டாக்டரும் சொல்லிவிட்டார். செபத்தி மீன் தின்றுகொண்டிருந்தான். விதிப்படி முதலில் தோர்வா ராணுவ ஆஸ்பத்திரியில் கேட்க வேண்டும். ஹெல்வின் போனில் பேசினார். கேட்டுக்கொண்டே அவர் புருவம் ஏறியது. பெட்டி சொன்னது:

“பீரங்கி வீரர் தமக்கு முதுகில் கடுமையான எரிச்சல் உள்ளதாகத் தெரிவிக்கிறார். தாங்க இயலவில்லை என்கிறார்.”

நான் செபத்தியைப் பார்த்தேன். அவன் மீன் முள்ளை வாயிலிருந்து பாதி எடுத்தபடி என்னைப் பார்த்தான். அந்தப் பீரங்கிக்காரன் முதுகில் ஒரு பொட்டு எரிச்சல் இருந்தாலும் அதில் ஒரு பங்கு இந்த முதுகுக்கு வந்திருக்க வேண்டும். வரவில்லை. எங்கேயோ ஒரு மலையடிவாரத்தில், பெயர் தெரியாத ஒருவன், ஆறிப்போன முதுகை மேலே காட்டிக்கொண்டு குப்புறப் படுத்துப் புளுகிக்கொண்டிருந்தான்.

டாக்டர் உடைந்த கண்ணாடியை மூக்கில் பிடித்துக்கொண்டு குனிந்தார். “செபத்தி, உனக்கு எப்படி இருக்கு?”

 ஒரு வார்த்தை சொன்னால் அவன் இன்றைக்கே வீட்டுக்குப் போகலாம். செபத்தி முள்ளை இலையோரம் வைத்தான். கையைத் துடைத்தான். புதுச்சட்டை கசங்காமல் கழற்றி அக்காவிடம் கொடுத்தான். பிறகு கட்டிலில் நிதானமாகக் குப்புறப் படுத்துக்கொண்டு, “ஐயோ, எரியுதே,” என்றான். என் வாழ்க்கையில் அவ்வளவு மோசமான நடிப்பை நான் பார்த்ததில்லை.

நான் பிலோமியைப் பார்த்தேன். தம்பியைக் கூட்டிப் போக வந்தவள். கையிலிருந்த சட்டையை மடித்துத் தூக்கின் மேல் வைத்தாள்.  அவள் ஒரு சொல் சொன்னால் எல்லாம் முடிந்தது.

அவள் முந்தானையை வாயில் வைத்தாள். அடுத்த கணம் கொட்டகைத் தகரம் அதிர ஒரு ஓலம் எழுந்தது. “ஏ என் ராசா! தோலெல்லாம் வேகுதே! என் தம்பிய இந்தப் பாடு படுத்துதே!” என்று அவன் கட்டில் மேல் விழுந்தாள். இழவு வீடுகளில் பழகிய குரல். சுவருக்கு அந்தப் பக்கம் புஷ்பக்கா உடனே கூடச் சேர்ந்துகொண்டாள். அவளோடு மேற்குக் கொட்டகை முழுக்க.

ஓரிக் அம்மா தன் மொழிபெயர்ப்புப் பெட்டியை அணைத்தார். ஹெல்வினிடம் ஏதோ இரண்டு வார்த்தை சொன்னார். என்னவென்று எங்களுக்குப் புரியவில்லை. ஹெல்வின் பேனாவை மூடிப் பையில் வைத்துக்கொண்டு, கேரம் பலகையை மறுபடி நடுவில் இழுத்துப் போட்டார்.

நான் மனைவியைத் தேற்றுவது போலக் குனிந்தேன். ஒப்பாரிக்கு நடுவே, மூச்சு வாங்குகிற இடைவெளியில், அவள் என் காதில் சொன்னாள்:

“மீன் ஆறுது. சீக்கிரம் அவங்கள வெளிய அனுப்புங்க.”